மனித மரபியல்: எங்கே படிப்பது?

என் அக்காள் மணந்தது சொந்த அத்தை மகனைத்தான். அவர்கள் மகனுக்குத் தலசீமியா. மாதந்தோறும் இரத்தம் ஏற்றுகிறோம். "குடும்பச் சாபம்" என்றார் பாட்டி. மெண்டலின் விதியை வகுப்பில் கற்றபோதுதான் உண்மை விளங்கிற்று. குறையுள்ள மரபணுவைத் தாயும் தந்தையும் ஆளுக்கொன்று சுமந்தால், ஒவ்வொரு கருவிலும் நோய்க்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அன்றே மனித மரபியல் பயிலத் தீர்மானித்தேன்.

எங்கே பயில்வது? முதலில் ஒரு வேறுபாட்டை அறிய வேண்டும். மருத்துவ மரபியலில் டி.எம். பட்டம் மருத்துவர்களுக்கே உரியது. லக்னோவிலுள்ள சஞ்சய் காந்தி நிறுவனத்தில் அது உண்டு. நம்மைப் போன்ற விலங்கியல் மாணவர்க்கு உரியது எம்.எஸ்சி. கோவை பாரதியார், விசாகப்பட்டினம் ஆந்திரா, அமிர்தசரஸ் குரு நானக் தேவ் ஆகிய பல்கலைக்கழகங்களில் இதற்கெனத் துறைகள் உள்ளன.

பெயரைக் கண்டு மயங்காமல் இரண்டு கேள்விகள் கேளுங்கள். மாணவர் தம் கையாலேயே இரத்த அணுக்களை வளர்த்துக் குரோமோசோம்களை எண்ணிப் பார்க்கிறாரா? நோயாளிகள் வரும் மருத்துவமனையோடு துறைக்குத் தொடர்பு உண்டா? மனிதனுக்கு 48 குரோமோசோம்கள் என்றே நூல்கள் நெடுங்காலம் கூறிவந்தன. 1956-இல் ஜியோவும் லெவானும் நன்கு எண்ணிப் பார்த்து, 46 என்று காட்டினர். கைப்பயிற்சியின் அருமை அதுவே.

"இன்னொரு குழந்தை பெறலாமா?" என்று அக்காள் கேட்கிறாள். கருவிலேயே இந்நோயைச் சோதித்தறிய இயலும் என்று சொல்லி, மருத்துவரிடம் அனுப்பினேன். அவள் மணத்துக்கு முன்பே இதைச் சொல்ல எங்கள் ஊரில் ஒருவரும் இல்லை. அந்த ஒருவராக நம்மில் சிலரேனும் ஆக வேண்டாமா?