சோற்றுக்கு ஒரு விசை

தொண்டாமுத்தூரில் பாக்குத் தோப்பை ஒட்டிய என் வீட்டில் இரவு பத்து மணிக்குமேல் எழுத உட்காரும் வழக்கமுடைய நான், கடைக்காரர்கள் மெக்கானிக்கல் கீபோர்டு என்றழைக்கும் யந்திர விசைப்பலகையொன்றை ஆசையோடு வாங்கிவந்து, அதன் நீல சுவிட்சுகள் எழுப்பிய சப்தத்தால் அடுத்த வீட்டுப் பெரியவர் மறுநாள் காலையில், “ராத்திரி பூரா தறி ஓட்டறீங்களாங்க?” என்று வினவும்படி ஆனபிறகே, இதைத் தேர்ந்தெடுப்பதற்கும் ஒரு சாஸ்திரம் உண்டென்று உணர்ந்தேன்.

சாதாரணப் பலகையில் எல்லா விசைகளுக்கும் அடியில் ஒரே ரப்பர் விரிப்பு. அடிவரை அழுத்தினாலன்றி எழுத்து விழாது. யந்திரப் பலகையிலோ ஒவ்வொரு விசைக்கும் ஸ்பிரிங் வைத்த தனித்தனி சுவிட்சு உண்டு. ஜெர்மானிய செர்ரி நிறுவனத்தார் வகுத்த சுவிட்சு 4 மில்லிமீட்டர் ஆழம் இறங்குமாயினும், ஏறத்தாழப் பாதி வழியில், சுமார் 2 மில்லிமீட்டரிலேயே, எழுத்தைப் பதித்துவிடும். சிவப்பு சுவிட்சு 45 கிராம் பாரத்துக்கே தடையின்றி இறங்கும். பழுப்பு, நடுவழியில் ஒரு சிறு மேட்டினால் விரலுக்குச் சேதி சொல்லும். நீலம் அதே சேதியை ஊருக்கும் சொல்லும்.

முழுப் பலகையில் 104 விசைகள். வலப்புறத்து எண் விசைகள் மண்டிக் கணக்கருக்கு அத்தியாவசியம். எழுதுகிறவனுக்கோ, மவுஸைத் தூரத் தள்ளித் தோளை நோகச் செய்பவை. ஆகவே சிறிய பலகை சௌகரியமே. எவ்வளவு சிறிது என்பதில்தான் தமிழர் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். தமிழக அரசு 1999-இல் அங்கீகரித்த தமிழ்99 அமைப்பில் 12 உயிரும் 18 மெய்யும் ஆய்தமும் ஆக 31 விசைகள். உயிர்கள் இடக்கையிலும், வ, ங நீங்கலாக மெய்கள் வலக்கையிலும் அமைந்திருப்பதால் இரு கைகளும் முறைவைத்து உழைக்கின்றன. மெய்யை இருமுறை தட்டினால் முதலாவது தானே புள்ளி பெறுமாகையால், ‘அம்மா’ நான்கே தட்டில் முடிந்துவிடும். ஆனால் ஆங்கிலத்தார் சதுர அடைப்புக்குறிகளுக்கு ஒதுக்கிய விசைகளில்தான் நம்முடைய சவும் ஞவும் குடியிருக்கின்றன. அழகை உத்தேசித்து 47 விசைகளோடு நின்றுவிடும் பலகைகள் பெரும்பாலும் அவ்விரண்டையும் களைந்துவிடுகின்றன; அப்படியொன்றை வாங்கியவர் ‘சோறு’ என்றெழுதவும் வேறொரு விசையைத் துணைக்கழைக்க நேரும்.

61 விசைகளில் எல்லா எழுத்தும் அடங்கும்; பிழை திருத்தும் பழக்கமுள்ளவர்க்கு அம்புக்குறிகளும் சேர்ந்த 68 உத்தமம். யந்திரப் பலகை சற்று உயரமாதலால், பின்கால்களை மடக்கிவைத்தால் மணிக்கட்டு மேல்நோக்கி வளையாது.

இப்போது என் மேஜையில் இருப்பது 68 விசைப் பழுப்புப் பலகை. பெரியவரும் நிம்மதியாக உறங்குகிறார். நீங்கள் கடைக்குப் போனால், விலையைக் கேட்குமுன் ச எழுத்துக்கு விசை இருக்கிறதா என்று பாருங்கள்.