பிக்அப் மாத்தின பிறகு கித்தார் ஏன் உறுமுது?

பேச்சை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இந்தச் சத்தத்தைக் கேளுங்க.

(கித்தார் மேசை மேல் கிடக்கிறது. ஆம்ப் மட்டும் உறுமுகிறது.)

யாரும் வாசிக்கல. கம்பியை யாரும் தொடக்கூட இல்ல. கேமரன் மலையில தானா ராத்தா பக்கம் கோயில் திருவிழா, கல்யாணம்னு வாசிக்கிற ஒரு குழுவோட கித்தார் இது. பிரிட்ஜ் பக்கத்துல இருந்த பழைய ஹம்பக்கரைக் கழட்டிட்டுப் புதுசு போட்டிருக்காங்க. போட்ட அன்னிக்கே இந்த உறுமல். "டூப்ளிகேட் பிக்அப்பை நம்ம தலையில கட்டிட்டாங்க போல அண்ணே"ன்னு கொண்டுவந்து கொடுத்தாங்க. பிக்அப் அசல்தான். பிரச்சினை வேற இடத்துல இருக்கு.

முதல்ல இந்த உறுமலோட சுருதியைக் கவனிங்க. தடிச்ச ஈ கம்பியில மூணாவது ஃப்ரெட்டை அமுக்கித் தட்டறேன். அது ஜி, 98 ஹெர்ட்ஸ். உறுமலும் கிட்டத்தட்ட அங்கதான் நிக்குது, ஒரு இழை மேல. மலேசியாவுல கரண்டு 50 ஹெர்ட்ஸ். அந்த 50-ம் அதோட இரட்டை 100-ம்தான் நம்ம காதுல விழுது. அமெரிக்காக்காரங்க வீடியோவுல கேக்கிற உறுமல் இதைவிட உசரமா இருக்கும், ஏன்னா அங்க 60. நம்ம மலையில இருக்கிற ரிங்லெட் ஏரித் தண்ணிதான் மலைக்குள்ள சுரங்கம் வழியா ஜோர் மின்நிலையத்துக்கு இறங்கிக் கரண்டாகுது. நம்ம மலைத் தண்ணிதான் ஆம்புக்குள்ள உறுமுதுன்னு சொன்னா முழுப் பொய்யில்ல.

நம்பலன்னா பேட்டரியில ஓடுற சின்ன ஆம்பை எடுத்துக்கிட்டு, கரண்டுக் கம்பம் இல்லாத தேயிலை மேட்டுக்கு நடந்து போய்ச் செருகிப் பாருங்க. உறுமல் அடங்கிடும். கித்தார் சரியாயிடுச்சுன்னு அர்த்தமில்ல. பிடிக்கிறதுக்கு அங்க கரண்டு இல்ல, அவ்வளவுதான்.

இப்போ சோதனை. காசு செலவில்லாத மூணு சோதனை இருக்கு. இதைச் செய்யாம செப்பு டேப் வாங்க ஓடாதீங்க.

வால்யூமை அடியோட குறைங்க. உறுமல் நின்னுச்சா? அப்போ கோளாறு பிக்அப்புக்கும் வால்யூமுக்கும் நடுவுல. நிக்கலன்னா ஜாக், கேபிள், ஆம்ப், வீட்டு வயரிங் பக்கம் பாருங்க.

அடுத்து, வால்யூமைக் கூட்டி வச்சுட்டு கம்பி மேல உள்ளங்கையை வைங்க. இதுதான் பெரிய சோதனை. கை வச்சதும் சத்தம் குறைஞ்சா எர்த் வயர் ஒழுங்கா இருக்கு. ஒரு மாற்றமும் இல்லன்னா பிரிட்ஜுக்குப் போற எர்த் வயர் அறுந்திருக்கலாம். கை வச்சதும் சத்தம் கூடினா ஜாக்குல ரெண்டு வயரும் இடம் மாறியிருக்குன்னு முதல்ல சந்தேகப்படுங்க.

கடைசியா, கித்தாரை மடியில வச்சுக்கிட்டு நாற்காலியோட மெல்லத் திரும்புங்க. ஒரு திசையில உறுமல் ஏறி, இன்னொரு திசையில இறங்கினா அது காந்தப்புலம் வழியா வர்ற உறுமல். கை வச்சதும் குறையுற "ஜ்ஜ்"ங்கிற சத்தம் மின்புலம் வழியா வர்றது. வழி ரெண்டும் வேற, வைத்தியமும் வேற. இது புரியாமத்தான் பாதிப் பேர் காசை விடறாங்க.

நம்ம கித்தார் என்ன சொல்லுதுன்னு பாப்போம். வால்யூமைக் குறைச்சா நிக்குது. கை வச்சா லேசான இரைச்சல் மட்டும் போகுது, தடிச்ச உறுமல் அப்படியே இருக்கு. திரும்பினா ஏறுது, இறங்குது. ஆனா இது ஹம்பக்கர். காந்தப்புல உறுமலை ஒழிக்கிறதுக்குன்னே பிறந்த பிக்அப். இது உறுமவே கூடாது.

1950-கள்ல கிப்சன் கம்பெனியில வேலை பார்த்த சேத் லவர் பண்ணின வேலை இது. 1955-ல காப்புரிமைக்கு விண்ணப்பிச்சார், 1959-ல கிடைச்சது. ரெண்டு காயில். ஒண்ணுல காந்தம் வடக்கு, இன்னொண்ணுல தெற்கு. ரெண்டையும் எதிரெதிராச் சேர்த்தா கம்பியோட நாதம் ஒண்ணோட ஒண்ணு கூடும், வெளியில இருந்து வர்ற உறுமல் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும். இதுல ஒரே ஒரு காயிலைத் தலைகீழா இணைச்சுட்டா? கணக்கு மொத்தமும் புரண்டுடும். உறுமல் கூடும், நாதம் அடிபடும்.

ஒரு ஸ்வரம் வாசிக்கறேன், கேளுங்க.

(வாசிக்கிறார். சத்தம் மெலிந்து, மூக்கால் பாடுவதுபோல் ஒலிக்கிறது.)

கேட்டுச்சா? அடித்தொண்டையே இல்ல. மெலிஞ்ச சத்தமும் தடிச்ச உறுமலும் சேர்ந்து வந்தா, காயில் ஒண்ணு தலைகீழ்.

பின்மூடியைத் திறக்கறேன். கேமராவைக் கிட்டக் கொண்டு வாங்க. புது பிக்அப் டிமார்ஸியோ. நாலு நிற வயர், கூட ஒரு மொட்டைக் கம்பி. கறுப்பு சுவிட்சுக்குப் போகுது. பச்சையும் மொட்டைக் கம்பியும் எர்த்துல. சிவப்பையும் வெள்ளையையும் முறுக்கி டேப் சுத்தியிருக்காங்க. வேலை சுத்தமாத்தான் இருக்கு, ஈயம் பளபளன்னு பிடிச்சிருக்கு. ஆனா இது சீமோர் டங்கன் பிக்அப்புக்கான வரைபடம். கழட்டின பழைய பிக்அப் டங்கன். அதே நிறத்தை அதே இடத்துல வச்சுட்டாங்க.

டங்கன்ல கறுப்பும் வெள்ளையும் ஒரு காயில், சிவப்பும் பச்சையும் இன்னொரு காயில். டிமார்ஸியோவுல சிவப்பும் கறுப்பும் ஒரு காயில், வெள்ளையும் பச்சையும் இன்னொண்ணு. டிமார்ஸியோவுக்குச் சரியான இணைப்பு இதுதான்: சிவப்பு சுவிட்சுக்கு, கறுப்பையும் வெள்ளையையும் சேர்த்து டேப், பச்சையும் மொட்டைக் கம்பியும் எர்த்துக்கு. எழுதி வச்சுக்குங்க. வேற கம்பெனின்னா வேற நிறம். பெட்டியோட வர்ற தாளைத் தூக்கிப் போட்டுடாதீங்க.

இங்க மல்டிமீட்டரும் கைவிட்டுடும். சரியா இணைச்சாலும் தப்பா இணைச்சாலும் ஓம் அளவு ஒரே மாதிரிதான் காட்டும், ஏன்னா காயில் ரெண்டும் வரிசையாத்தானே இருக்கு. ஸ்க்ரூடிரைவரால தட்டிப் பார்த்தாலும் ரெண்டு காயிலும் டக்குன்னு பதில் சொல்லும். "மீட்டர்ல எல்லாம் சரியா இருக்கு"ன்னு கடையில திருப்பிக் கொடுத்தா அவங்களைத் திட்ட முடியாது. காதுதான் கண்டுபிடிக்கணும்.

சிவப்பையும் கறுப்பையும் இடம் மாத்தறேன். அவ்வளவுதான் வேலை.

(மாற்றிச் செருகுகிறார். அமைதி. ஒரு ஸ்வரம், சத்தம் கனத்து ஒலிக்கிறது.)

உங்க கித்தார்ல ஹம்பக்கர் இல்ல, ஸ்ட்ராட் மாதிரி சிங்கிள் காயில்தான்னா, அதிகமா நடக்கிறது வேற. பின்னாடி ஸ்பிரிங் மாட்டுற இரும்புத் தகட்டுல ஒரு வயரைப் பத்த வச்சிருப்பாங்க. பிக்கார்டைத் தூக்கும்போது அது பிய்ஞ்சு வந்துடும். மல்டிமீட்டரை ஓம்ல வச்சு, ஒரு முனையைக் கம்பியிலயும் இன்னொண்ணை ஜாக்கோட வெளி உலோகத்துலயும் வைங்க. ஒரு ஓமுக்குள்ள காட்டணும். கேமரன் மலை ஈரத்துல அந்தத் தகடு துருப்பிடிச்சுக் கிடக்கும், துரு மேல ஈயம் ஒட்டாது. அரத்தால சுரண்டி, இரும்பு வெள்ளையாத் தெரிஞ்ச பிறகு 40 வாட்டுக்குக் குறையாத அயர்னால சூடு காட்டுங்க.

சிங்கிள் காயில் கொஞ்சம் உறுமத்தான் செய்யும், அது அதோட பிறவிக் குணம். செப்பு டேப் ஒட்டினா உறுமல் சுத்தமாப் போயிடும்னு விக்கிறவங்க சொல்றாங்க. ஏத்துக்காதீங்க. எர்த்தோட இணைச்ச செப்பு டேப் மின்புல இரைச்சலைத் தடுக்கும், காந்தப்புல உறுமலை அது ஒண்ணும் செய்யாது. சமையல் அலுமினியத் தாளை ஒட்டுறவங்களும் உண்டு. அதுல சாதாரண ஈயம் பிடிக்காது, எர்த் கொடுக்காம விட்டுட்டா அது சும்மா அலங்காரமா நிக்கும். மூணு பிக்அப்ல நடுவுல உள்ளதை மட்டும் மாத்துறீங்கன்னா, சுத்தும் காந்தமும் மத்ததுக்கு எதிரா உள்ளதாக் கேட்டு வாங்குங்க. அப்போதான் சுவிட்சோட ரெண்டாவது, நாலாவது இடத்துல உறுமல் அடங்கும்.

இனிமேல் சொல்றதுக்கும் பிக்அப்புக்கும் சம்பந்தமில்ல, ஆனா சொல்லாம விடமாட்டேன். உறுமல் போகணும்னு ஆம்ப் பிளக்குக்குள்ள பச்சை மஞ்சள் வயரைக் கழட்டி விடுறாங்க. இல்லன்னா ரெண்டு பின் பிளக்கை மாட்டி, மேல் ஓட்டையில பேனா மூடியைக் குத்தி உள்ள தள்ளுறாங்க. கித்தார் கம்பி ஆம்போட எர்த்துலதான் இணைஞ்சிருக்கு. அந்த எர்த்தை அறுத்த பிறகு ஆம்புக்குள்ள ஏதாவது கசிஞ்சா, கசிவு உங்க கை வழியாத்தான் போகும். 1972-ல ஸ்டோன் த க்ரோஸ் குழுவோட கித்தாரிஸ்ட் லெஸ்லி ஹார்வி, வேல்ஸ்ல ஸ்வான்சி ஊர் மேடையில, கித்தார் கையில இருக்க எர்த் இல்லாத மைக்கைத் தொட்டார். கரண்டு அடிச்சு உயிர் போச்சு.

திருவிழா மேடைக்குப் போறதுக்கு முன்னாடி உங்க ஆம்ப் பிளக்கைத் திறந்து பச்சை மஞ்சள் வயர் இருக்கான்னு பாருங்க. பழைய லயத்து வீடா இருந்தா, உரிமம் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு எர்த்தை அளக்கச் சொல்லுங்க. எர்த் இல்லன்னா அது சரியாகிற வரைக்கும் அங்க ஆம்பைச் செருகாதீங்க.