எல்லாம் வாயுதானா?

கல்யாணப் பந்தியில் உருளைக்கிழங்குக் கறி வந்தால், "ஐயோ வேண்டாம், வாயு!" என்று இலையைக் கையால் மறைத்துக்கொள்ளும் பெரியவர் ஒருவராவது இருப்பார். தோள் பிடித்தாலும் அவருக்கு வாயு. முதுகு வலித்தாலும் வாயு. மார்பை அடைத்தாலும் வாயுதான். இத்தனை பழியையும் சுமக்கும் இந்த வாயு எங்கிருந்துதான் வருகிறது? அதைத் தெரிந்துகொண்டால், எது வாயு, எது வாயு இல்லை என்பதும் ஓரளவு விளங்கிவிடும்.

வாய் வழியே

சாப்பிடும்போதும் குடிக்கும்போதும் காற்றையும் சேர்த்தே விழுங்குகிறோம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று நாலு இட்டிலியை இரண்டு நிமிஷத்தில் உள்ளே தள்ளினால், காற்றும் அதிகமாகப் போகும். அதில் பெரும் பகுதி ஏப்பமாகத் திரும்பி விடுகிறது. "சோடா குடித்தேன், வாயு கலைந்தது" என்கிறோமே, அப்போது வெளியே வருவதில் பெரும் பங்கு சோடாவில் அடைத்திருந்த கரியமில வாயுதான்!

குடலில் நடக்கும் விருந்து

உண்மையான உற்பத்திசாலை பெருங்குடல். மொச்சை, கொண்டைக்கடலை, பருப்பு வகைகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் இருக்கின்றன. அவற்றை உடைக்கும் என்ஸைம் மனித உடலில் சுரப்பதில்லை. ஆகவே அவை சிறுகுடலில் ஜீரணமாகாமல் பெருங்குடலுக்குப் போய்ச் சேருகின்றன. அங்கே கோடானுகோடி பாக்டீரியாக்கள் காத்திருக்கின்றன. அவை இந்தச் சர்க்கரையைப் புளிக்க வைத்துத் தின்னும்போது ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் உண்டாகின்றன; சிலருக்கு மீதேனும் உண்டாகிறது. இவற்றுக்கு வாசனையே கிடையாது. நம்மைச் சங்கடப்படுத்துவது மிகச் சொற்ப அளவில் கலந்திருக்கும் கந்தக வாயுக்கள்தான்.

இன்னொரு வேடிக்கை. குடலில் உண்டாகும் ஹைட்ரஜனில் ஒரு பகுதி ரத்தத்தில் கலந்து மூச்சு வழியே வெளியேறுகிறது. மைக்கேல் லெவிட் என்ற அமெரிக்க டாக்டர் 1969-இல் இதைப் பற்றி எழுதினார். இன்று மூச்சைச் சோதித்தே, பால் ஒருவருக்கு ஒத்துக்கொள்கிறதா என்று கண்டுபிடிக்கிறார்கள். பாலிலுள்ள லாக்டோஸை உடைக்கும் என்ஸைம் பலருக்குக் குழந்தைப் பருவத்துக்குப் பிறகு குறைந்துவிடுகிறது. தயிரிலுள்ள பாக்டீரியா அந்த வேலையில் ஒரு பங்கைச் செய்துவிடுவதால், பால் சேராத பாட்டிக்கும் மோர் சாதம் சேருகிறது.

எவ்வளவு?

1991-இல் இங்கிலாந்தில் ஆரோக்கியமான 10 பேருக்கு வழக்கமான சாப்பாட்டோடு 200 கிராம் பீன்ஸும் கொடுத்து அளந்து பார்த்தார்கள். ஒரு நாளைக்குச் சுமார் அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை வாயு வெளியேறியது! ஆகவே, தினம் பத்து இருபது தடவை வாயு பிரிந்தால் அது வியாதி அல்ல.

இதற்குப் பயந்து பருப்பையே ஒதுக்கிவிடாதீர்கள். வாயுவை உண்டாக்கும் அதே பாக்டீரியாக்கள்தான் பெருங்குடலின் சுவருக்குப் போஷாக்கும் தயாரிக்கின்றன. கடலையை இரவே ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேக வையுங்கள். தொந்தரவு தரும் சர்க்கரை கொஞ்சம் குறையும். முளை கட்டினால் இன்னும் குறையும். வழக்கமில்லாதவர்கள் ஒரு கரண்டியில் ஆரம்பியுங்கள்.

வாயு இல்லாத 'வாயு'

குடல் வாயு தோளுக்கோ முழங்காலுக்கோ சஞ்சாரம் செய்வதில்லை. அங்கே வலித்தால் காரணம் வேறு. ஆனால் குடல் உப்பினால் விலா எலும்புக்கு அடியில் இறுக்கிப் பிடிக்கும். அதுதான் ஆபத்தாக முடிகிறது. ஏனென்றால் இருதய வலியும் சில சமயம் இதே வேஷத்தில் வரும்.

முக்கியமாகப் பெண்களுக்கு, மாரடைப்பு எப்போதும் மார்பைப் பிசைந்துகொண்டு வருவதில்லை. மூச்சு வாங்குவது, குமட்டல், தாடையிலோ முதுகிலோ வலி, காரணமில்லாத அசதி, குளிர்ந்த வியர்வை என்றும் வரலாம். "வாயுதான், ஓமத் தண்ணீர் குடித்தால் சரியாகும், எல்லாரும் சாப்பிடட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று அடுப்படியிலேயே நின்றுவிடாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். ஈ.ஸி.ஜி. எடுத்துப் பார்த்து, ரத்தத்தையும் சோதித்த பிறகு, வாயுதான் என்று டாக்டர் சொல்லட்டும்.

அதேபோல், நடு வயதுக்குப் பிறகு புதிதாக வயிறு உப்ப ஆரம்பித்து, வாரக் கணக்கில் வற்றாமல் இருந்தாலும், உடம்பு இளைத்தாலும், மலத்தில் ரத்தம் கண்டாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். கர்ப்பப்பைக்குப் பக்கத்திலுள்ள சினைப்பையில் வரும் புற்றுநோய் முதலில் வெறும் உப்புசமாகவே தலைகாட்டுவது உண்டு.

வீட்டில் மற்றவர்களுக்குத் தலைவலி என்றாலே பதறுகிறவர்கள் நீங்கள். உங்கள் நெஞ்சு வலிக்கும் அந்தப் பதற்றத்தில் கொஞ்சம் ஒதுக்கிவையுங்கள்.