தகடு பேசும் மொழி

நுழையும்முன்

எழுத்தறிவு என்பது ஏட்டைப் படிப்பதோடு முடிந்துவிடுவதில்லை. இயந்திரத்தின் உடலில் பொறிக்கப்பட்ட சில எண்களைப் படிக்கத் தெரியாமையால், ஓர் உழவர் குடும்பத்தின் ஒரு போக விளைச்சலே வீணாகலாம். அவ்வெண்கள் கூறும் செய்தியை விளக்குகிறது இக்கட்டுரை.

கடைமடையின் கவலை

அரசலாறு கடலோடு கலக்கும் காரைக்கால், காவிரிப் பாசனத்தின் கடைமடைப் பகுதியாகும். ஆற்றுநீர் பிந்தும்போது வயலுக்கு ஆழ்துளைக் கிணறே துணை. கதிர் பால்பிடிக்கும் பருவத்தில் மோட்டாரின் சுருள் கருகினால் பயிரும் உடன் வாடும். புதிய மோட்டார் வாங்கச் செல்வோர் பலர், 'ஐந்து குதிரைத்திறன்' என்னும் ஒரு சொல்லையே துணையாகக் கொள்கின்றனர். அச்சொல் மட்டும் போதுமா?

திறனும் மின்னோட்டமும்

ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். எனவே, ஐந்து குதிரைத்திறன் ஏறத்தாழ 3.7 கிலோவாட். இது மோட்டாரின் தண்டில் கிடைக்கும் திறனே அன்றி, மின்கம்பியிலிருந்து பெறும் திறன் அன்று. பயனுறுதிறன் 85 விழுக்காடு எனில், மோட்டார் 4.35 கிலோவாட் பெறும். எஞ்சியது பெரும்பாலும் வெப்பமாக வீணாகும்.

தகட்டில் 415 வோல்ட் என்றிருக்க, நீண்ட கம்பியின் கடைசியில் மின்னழுத்தம் குறைந்தால், அதே சுமையை இயக்க மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். மின்னோட்டம் இருமடங்கானால் சுருளில் தோன்றும் வெப்பம் நான்கு மடங்காகும். தகட்டிலுள்ள ஆம்பியர் அளவு, தாண்டக்கூடாத எல்லைக்கோடு.

வேகமும் திருப்புவிசையும்

50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில், நான்கு முனைகள் கொண்ட மோட்டாரின் காந்தப்புலம் நிமிடத்திற்கு 1500 முறை சுழலும். தகட்டிலோ 1440 என்றிருக்கும். இது பிழையன்று. சுழலி சற்றே பின்தங்கினால்தான் அதில் மின்னோட்டம் தூண்டப்படும். இப்பின்தங்கலை 'நழுவல்' என்பர்.

நீரேற்றும் பம்புக்கு இவ்வேகம் பொருந்தும். மதகின் கதவைத் தூக்கவோ சுமைப்பட்டையை நகர்த்தவோ பொருந்தாது. அங்கே மெதுவான, ஆனால் வலிமையான சுழற்சி தேவை. கனமான மதகுக் கதவை ஒருவரே கைப்பிடியைப் பலமுறை சுற்றி உயர்த்துவதை ஆற்றங்கரையில் கண்டிருப்பீர்கள். மோட்டாரோடு இணையும் பற்சக்கரப் பெட்டியின் தத்துவமும் அதுவே: வேகத்தைக் கொடுத்து விசையைப் பெறுதல்.

கிலோவாட் அளவை 9550 ஆல் பெருக்கி, நிமிடச் சுற்றுகளால் வகுத்தால் திருப்புவிசை நியூட்டன் மீட்டரில் கிடைக்கும். 1.5 கிலோவாட், 1440 சுற்று மோட்டாருக்கு இது ஏறத்தாழ 10. முப்பதுக்கு ஒன்று என்னும் பல்விகிதப் பெட்டியை இணைத்தால் வேகம் 48 சுற்றாகக் குறையும். திருப்புவிசை 300 ஆக வேண்டும். பெட்டியின் பயனுறுதிறன் 80 விழுக்காடு எனில் 240 கிடைக்கும். பெட்டிக்கென வரையறுத்த உச்சத் திருப்புவிசை இதற்குக் குறைவாயின் பற்கள் முறியும். ஆதலால், மோட்டார், பெட்டி இரண்டின் விவரங்களையும் ஒப்பிட்டே தேர்தல் வேண்டும்.

உப்புக்காற்றும் காப்பும்

கடலோரத்தில் 'ஐபி 55' என்னும் குறியீடு கருதத்தக்கது. முதல் எண் தூசியிலிருந்தும், இரண்டாம் எண் பீய்ச்சும் நீரிலிருந்தும் உள்ள காப்பைக் குறிக்கும். உப்பின் அரிப்பைத் தடுக்கும் பூச்சு உண்டா என்பதைத் தனியே கேட்டறிய வேண்டும். 'எஃப்' என்னும் மின்காப்பு வகுப்பு, 155 பாகை செல்சியஸ் வரை தாங்கும்.

நம் மண்ணின் மரபு

காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த 1937ஆம் ஆண்டிலேயே, கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடுவின் முயற்சியால் உள்நாட்டு மின்மோட்டார் உருவானது. மோட்டாரை ஆக்கிய மண்ணில், அதன் தகட்டைப் படிக்கும் அறிவும் பரவ வேண்டாவா? உங்கள் ஊரின் மோட்டார் ஒன்றின் தகட்டை, மின்சாரம் நிறுத்தப்பட்டிருக்கும் வேளையில் பெரியோர் துணையுடன் படித்துப் பாருங்கள். அவ்வெண்கள் உங்களிடம் பேசத் தொடங்கும்.