ஆர்.என்.ஏ.வின் வேதித் திருத்தங்கள்

டி.என்.ஏ.விலுள்ள மரபுச் செய்தியைப் புரதம் உருவாகும் இடத்திற்குக் கொண்டுசெல்லும் ஆர்.என்.ஏ. நான்கு எழுத்துகளால் மட்டும் ஆனதன்று. உயிரணுக்கள் அவ்வெழுத்துகளின்மீது மெத்தில் போன்ற சிறு வேதித்தொகுதிகளை ஏற்றியும் சிலவற்றின் அமைப்பையே மாற்றியும் செய்யும் திருத்தங்களில் 150-க்கும் மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன. அவ்வெழுத்துகளுள் ஒன்றான அடினோசினில் மெத்திலை ஏற்றும் மெட்டில்3 என்னும் நொதியைச் சார்ந்தே ஒருவகை இரத்தப் புற்றணுக்கள் பெருகுவதால், அதனைத் தடுக்கும் மருந்துகள் சோதிக்கப்படுகின்றன.

ஆயினும் இத்துறையின் பெரும்பயன் தடுப்பூசியிலேயே விளைந்தது. ஆய்வகத்தில் உருவாக்கிய ஆர்.என்.ஏ.வை அந்நியமெனக் கருதி உடல் காட்டும் அழற்சி, யூரிடின் என்னும் எழுத்துக்கு மாற்றாக அதே அணுக்கள் கொண்டு பிணைப்பில் மட்டும் வேறுபடும் போலியூரிடினை அமைத்தால் அடங்கும் என்று கத்தலின் கரிக்கோவும் டுரூ வைஸ்மனும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு அன்று உரிய கவனத்தைப் பெறவில்லை. போலியூரிடினின் மெத்தில் வடிவத்தைக் கொண்டே ஃபைசர், மாடர்னா கோவிட் தடுப்பூசிகள் உருவாயின. அவ்விருவருக்கும் 2023-இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.