மையர் என்னும் பெயர்

மாநகராட்சித் தலைவரை ‘மேயர்’ என்கிறோம். ஆங்கிலத்தின் வழியே நம்மை வந்தடைந்த இச்சொல்லின் தாய் ‘மாயோர்’ என்னும் இலத்தீன் சொல். ‘பெரியவர்’ என்பது அதன் பொருள். ஜெர்மானியரிடையே பெருவழக்காயுள்ள ‘மையர்’ என்னும் குடும்பப் பெயரும் அச்சொல்லிலிருந்து பிறந்ததே.

இடைக்காலத்தில் பிரபுக்களுக்கும் துறவற மடங்களுக்கும் பரந்த நிலங்கள் இருந்தன. அவற்றை மேற்பார்த்து, குடியானவரிடம் வேலை வாங்கி, வாரம் தண்டுவதற்கென அமர்த்தப்பட்டவரே மையர். காலப்போக்கில் அவர் குத்தகைக்காரராகவும் பெருங்குடியானவராகவும் ஆனார். மேட்டுப் பண்ணைக்காரர் ‘ஓபர்மையர்’, கீழ்ப்பண்ணைக்காரர் ‘நீடர்மையர்’. ஜெர்மானியர் இப்பெயரை நான்கு விதமாகவேனும் எழுதுவர், ஒலி ஒன்றுதான். தமிழில் எழுதும் நமக்கு அத்தொல்லை இல்லை!

ஆனால் மையர்கள் அனைவரும் பண்ணைக் கண்காணிப்பாளரின் வழிவந்தோர் அல்லர். ‘மெயிர்’ என்பது யூதரின் பழம்பெயர். எபிரேயத்தில் ‘ஒளி தருபவர்’ என்று பொருள்படும். 1812இல் பிரஷ்யாவும் 1813இல் பவேரியாவும் யூதர்கள் நிலையான குடும்பப் பெயர் கொள்ள வேண்டுமெனச் சட்டம் இயற்றின. தந்தையின் பெயரான மெயிரை ஒத்தொலித்த மையர் பலருக்கும் ஏற்றதாயிற்று. இவ்வாறு ஒரே தெருவில் கிறிஸ்தவ மையரும் யூத மையரும் அண்டை வீட்டாராயினர்.

பெயரைக் கொண்டு மனிதரைப் பிரிக்க முனைந்த ஹிட்லர் அரசுக்கு இஃது இடையூறாயிற்று. 1938 ஆகஸ்டில் ஓர் ஆணை பிறந்தது. அரசின் பட்டியலிலுள்ள யூதப் பெயர் இல்லாத யூதர் ஒவ்வொருவரும், ஆணாயின் ‘இஸ்ரயேல்’ என்றும், பெண்ணாயின் ‘சாரா’ என்றும் கூடுதல் பெயர் ஏற்க வேண்டும். விவிலியத்தின் திருப்பெயர்கள் குற்றவாளிக்கு இடும் சூடு போலாயின. இதனினும் கொடிய அவமதிப்பு யாது?

அதே ஆட்சி இன்னொரு மையரையும் சிறையிலிட்டது. மூனிக் நகரின் இயேசு சபைக் குரு ரூபர்ட் மையர், முதல் உலகப் போரில் படையினர்க்குப் பணிபுரிகையில் ஒரு காலை இழந்தவர். மறையுரை ஆற்றலாகாது என்ற தடையை அவர் மதிக்கவில்லை. சாக்சன்ஹவுசன் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். 1945 நவம்பர் 1 அன்று திருப்பலியில் மறையுரை ஆற்றும்போதே பேச்சடங்கி, அன்றே உயிர் நீத்தார். 1987இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார்.

யூதர் பலர் பின்னாளில் தம் பெயரை எபிரேயத்திற்கே திருப்பினர். கோல்டா மையர்சன் என்னும் அம்மையார் 1956இல் இஸ்ரயேலின் அயலுறவு அமைச்சரானபோது, கணவர் வழிவந்த அப்பெயரைச் சுருக்கிக் கோல்டா மெயிர் ஆனார்.