டிரெய்லர் பிரேக் லைட் எரியலையா? நாமே கண்டுபிடிக்கலாம்!



கடன் வாங்கி டிராக்டரும் டிரெய்லரும் வைத்திருக்கிற குடும்பங்கள் நம் குழுக்களில் உண்டு. தவணையைத் தவறாமல் கட்டுகிறோம். ஆனால் டிரெய்லருக்குப் பின்னால் சிவப்பு லைட் எரிகிறதா என்று பார்க்கிறோமா? ராத்திரி நேரம் சங்கரன்கோவில் – ராஜபாளையம் ரோட்டில் மக்காச்சோளம் ஏற்றிப் போகும் டிரெய்லரில் லைட் இல்லையென்றால், பின்னால் பைக்கில் வருகிறவருக்கு வண்டி இருப்பதே தெரியாது. அவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே!

விவசாய டிரெய்லர் பலவற்றுக்குத் தனி பிரேக் கிடையாது. டிராக்டர் பிரேக்தான் இரண்டையும் நிறுத்த வேண்டும். நாம் வேகம் குறைப்பதைப் பின்னால் வருகிறவருக்குச் சொல்வது அந்த பிரேக் லைட் மட்டும்தான்.

"இது ஆம்பளைங்க வேலைல்லா?" என்று கேட்காதீர்கள். 12 வோல்ட் பல்பு ஒன்று, அதில் இணைத்த இரண்டு வயர். இந்தச் சோதனை பல்பு இருந்தால் போதும்.

முதலில் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். இன்ஜினை அணைத்துவிடுங்கள். தூக்கி நிற்கும் டிப்பருக்கு அடியில் போகவே கூடாது.

1. பிளக்கைப் பாருங்கள்

டிராக்டரையும் டிரெய்லரையும் இணைக்கும் பிளக்கில் மண்ணும் துருவும் சேரும். சாவியை அணைத்துவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள். பாதிக் கோளாறு இதிலேயே தீர்ந்துவிடும்.

2. கோளாறு எந்தப் பக்கம்?

பிளக்கைக் கழற்றுங்கள். சாவியைப் போட்டு ஒருவர் பிரேக்கை மிதிக்கட்டும். சோதனை பல்பின் ஒரு வயரை டிராக்டரின் பெயின்ட் இல்லாத இரும்பில் வையுங்கள். இன்னொன்றால் டிராக்டர் சாக்கெட்டின் ஓட்டைகளை ஒவ்வொன்றாகத் தொடுங்கள். மிதிக்கும்போது மட்டும் எரிகிறதா? அதுதான் பிரேக் இணைப்பு. டிராக்டர் பக்கம் சரி, கோளாறு டிரெய்லரில். எதிலுமே எரியவில்லையா? பியூஸையும், பிரேக் மிதிக்குப் பக்கத்தில் உள்ள சுவிட்சையும் பாருங்கள்.

3. எர்த் சரியா?

மங்கலாக எரிவது, இண்டிகேட்டர் போட்டால் வேறு லைட்டும் சேர்ந்து மின்னுவது, பள்ளத்தில் இறங்கினால் அணைவது – இவை பெரும்பாலும் எர்த் கோளாறு. தனி எர்த் வயர் இல்லாத வண்டியில் கரண்ட் கொக்கி வழியாகத்தான் திரும்பிப் போக வேண்டும். கொக்கியிலோ கிரீஸும் துருவும்! பிளக்கை மாட்டி, டிராக்டர் இரும்பிலிருந்து ஒரு வயரை இழுத்து லைட்டின் இரும்பு ஹோல்டரில் தொட வையுங்கள். பளிச்சென்று எரிந்தால் எர்த்தான் கோளாறு. தனி வயர் போட்டு, பெயின்ட்டைச் சுரண்டி போல்ட்டில் முறுக்கச் சொல்லுங்கள்.

4. பல்பும் வயரும்

ஒரே பல்பில் இரண்டு இழை இருக்கும்: 5 வாட் டெயில் லைட்டுக்கு, 21 வாட் பிரேக்குக்கு. ஒன்று அறுந்தாலும் மற்றது எரியும், அதனால் ஏமாறாதீர்கள். டிப்பர் மடங்கும் இடத்தில் வயர் உரசும், எலி கடிக்கும். அங்கே பாருங்கள்.

கவனம்!

பியூஸ் போனால் செம்புக் கம்பியைச் சுற்றாதீர்கள். வயர் சூடாகி, ஏற்றியிருக்கும் வைக்கோலே தீப்பிடிக்கலாம். ரோட்டில் போகும்போது இடது, வலது பிரேக் மிதிகளைச் சேர்த்துப் பூட்டுங்கள். பின்னால் சிவப்பு ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள்; லைட் போனாலும் அது காப்பாற்றும்.

களையெடுப்புக்கோ ஆடித்தபசுக்கோ டிரெய்லரில் ஆள் ஏற்றுவது சட்டப்படி தவறு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணம் கிடைப்பதும் கஷ்டம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஒரு டிரெய்லரை நிறுத்தி, எல்லோரும் சேர்ந்து சோதித்துப் பாருங்கள். ஒருவருக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரியும்!